தீப்பெட்டியில் ஒரு பல்

முத்தாலம்மாளுக்கு முன்வரிசையில் ஒரு பல் கிடையாது. மேல்வரிசை, இடப்பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்தது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் வாங்குகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். சிரிக்கும்போது முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொள்கிற பெண்பிள்ளை அவள் இல்லை. மகள் ஷர்மிளா மூன்று வருஷமாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டாள், ஒரு கட்டுப்பல்லாவது வைத்துக்கொள்ளச் சொல்லி. முத்தாலம்மாள் சொல்வது ஒன்றேதான்.

"அவன் உள்ள போவட்டும். அப்பால வச்சிக்கறேன்."

அவன் என்றால் கோதண்டம். செத்துப்போன அவள் புருஷன் மாரியின் கூடப்பிறந்த தம்பி. மார்க்கெட்டில் அவளுக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, அவனும் மீன்தான் விற்கிறான். இரண்டு பேரும் கோவளத்துக் குப்பத்துக்காரர்கள். விடிகிற நேரத்தில் ஒரே ஏலத்தில் மீன் எடுத்து, ஒரே ரோட்டில் கேளம்பாக்கம் வழியாக வந்து சேருகிறவர்கள். ஆனால் ஒரே வண்டியில் ஏற மாட்டார்கள். காலை ஏழு மணிக்குக் கூடையை இறக்கி, பலகையில் மீனைப் பரப்பி, தண்ணீர் தெளித்து முடித்ததும் முத்தாலம்மாள் செய்கிற முதல் காரியம், தலையை நிமிர்த்தி கோதண்டத்தைப் பார்த்து ஈயென்று இளிப்பது. ஒரு பேச்சு கிடையாது, ஒரு திட்டு கிடையாது. அந்த ஓட்டை அவன் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அவன் ஒருமுறை பலகையைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பார்த்தான். அவள் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய், அவனுக்கு முன்னால் இருந்த முட்டைக் கடைப் படியில் நின்று இளித்துவிட்டுத் திரும்பி வந்தாள். மறுநாள் அவன் பலகையைப் பழையபடி போட்டுக்கொண்டான்.

சங்கதி நடந்தது இரண்டாயிரத்து ஒன்றில், ஒரு ஆனி மாசத்துச் சனிக்கிழமை. மார்க்கெட் வாசலில் நுழைந்ததும் வலப்பக்கம், தூண் ஓரமாக இருக்கிற முதல் இடம் முத்தாலம்மாளுடையது. அவளுக்கு முன்னால் அவள் மாமியார் அங்கே உட்கார்ந்து விற்றவள். மாரி மஞ்சள் காமாலையில் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குக் காலையில் கோதண்டம் தன் பெண்டாட்டி எல்லம்மாவைக் கூட்டி வந்து அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டான். எங்கம்மா குந்தின எடம், எனக்கும் பாத்யதை உண்டு என்றான். முத்தாலம்மாளுக்கு நாக்கைவிடக் கை வேகம். அவனுடைய தராசை எடுத்துச் சாக்கடையில் விட்டெறிந்தாள். அவன் ஓங்கி ஒரு அறை வைத்தான். வலை இழுத்த கை அது. உதடு கிழிந்து, வாயெல்லாம் ரத்தம்.

அறையோடு விட்டிருந்தால் அவளும் திருப்பி ஒன்று கொடுத்துவிட்டு மீன் விற்கப் போயிருப்பாள். அவர்கள் குப்பத்தில் அடிதடி பெரிய விஷயமா என்ன. ஆனால் அவன் அறைந்த கையோடு, மார்க்கெட் மொத்தமும் கேட்கிற மாதிரி, அடித்தொண்டையிலிருந்து ஒரு வார்த்தை சொன்னான்.

"எங்கண்ணனைத் தின்னவதான நீ? இப்ப எடத்தையும் தின்ன வந்துட்டியா?"

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன்கூடக் கையை நிறுத்திவிட்டான். முத்தாலம்மாள் அப்படியே நின்றாள். அவளுக்கு அடி வலிக்கவில்லை. மாரி செத்த அன்று மத்தியானம் அவள் இதே தூணடியில்தான் உட்கார்ந்திருந்தாள், காரப்பொடி மீனை எடை போட்டுக்கொண்டு. வியாபாரத்துக்கு வராவிட்டால் மருந்துக்கு வழியில்லை, வந்தால் பக்கத்தில் ஆளில்லை என்கிற நிலைமை. வந்தாள். மாரி போய்விட்டான். கடைசித் தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தது. இரண்டு வருஷமாக அவள் தனக்குள்ளேயே கேட்டுக் கேட்டு மென்றுகொண்டிருந்ததை இந்தப் படுபாவி நாலு பேர் மத்தியில் எடுத்து வீசிவிட்டான். அந்த நிமிஷமே அவள் முடிவு பண்ணிவிட்டாள், இவனைச் சும்மா விடுவதில்லை என்று.

வெறும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு சாம்பசிவன் டீ குடித்துக்கொண்டிருந்தார். பொல்லாதவர் இல்லை, வேலை குறைந்தால் போதும் என்கிற மனுஷர். அடித்த கதையைக் கேட்டுக்கொண்டார்.

"கையாலதான் அடிச்சான்? கம்பு, கத்தி, எடைக்கல்லு ஒண்ணும் இல்லையே?"

"கையாலதான்."

"அப்ப இது சாதாரண காயம். முந்நூத்தி இருபத்திமூணு. நானா கேஸ் எடுக்க முடியாதும்மா, மாஜிஸ்ட்ரேட்டு உத்தரவு வேணும். ஒரு ரசீது போட்டுத் தரேன். சாயந்திரம் அவனைக் கூப்ட்டு ரெண்டு தட்டு தட்டி அனுப்பறேன், போ."

"பேசினானே ஏட்டய்யா, அதுக்கு?"

"கெட்ட வார்த்தையா?"

"கெட்ட வார்த்தை இல்ல."

"வெட்டுவேன் குத்துவேன்னானா?"

"இல்ல."

"அப்ப அதுக்கு ஒரு பிரிவும் கெடையாது."

"எதுக்குத்தான் கீது உங்க சட்டத்துல?"

சாம்பசிவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பொம்பிளை இப்போதைக்கு நகர மாட்டாள் என்று தெரிந்து, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கிச் சொன்னார். "கண்ணு போவணும். காது போவணும். எலும்பு முறியணும். இல்ல, பல்லு வுழணும். பல்லும் எலும்பும் சட்டத்துக்கு ஒண்ணுதான். அது கொடுங்காயம், முந்நூத்தி இருபத்தஞ்சு. ஏழு வருசம் வரைக்கும் உள்ள வைக்கலாம்."

முத்தாலம்மாள் நாக்கால் தடவிப் பார்த்தாள். "இந்தப் பல்லு ஆடுது."

"ஆடினா பத்தாதும்மா. வுழணும்." சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஒரு மெமோ எழுதிக் கொடுத்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைக் கூட்டம். ரோட்டில் விழுந்தவன், ஏணியிலிருந்து விழுந்தவன், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவள் என்று வரிசை வாசல் வரைக்கும் வந்திருந்தது. வாயைக் கொப்பளிக்கலாமென்று முத்தாலம்மாள் கட்டடத்தின் பின்பக்கம் இருந்த குழாயடிக்குப் போனாள். அங்கே ஆளில்லை. பல்லை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தாள். ஆடியது, ஆனால் விடுகிற மாதிரி இல்லை. ஏட்டு சொன்னது காதிலேயே நின்றது. ஆடினால் பத்தாது.

இடுப்பிலிருந்த கூடையின் விளிம்பு தூண்டில் நரம்பால் சுற்றிக் கட்டியது. மாரி கட்டிக் கொடுத்தது. அதில் ஒரு முழம் பிரித்தாள். ஒரு நுனியைப் பல்லில் சுற்றி முடிச்சுப் போட்டாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே முடிச்சுதான், மாரி கட்டுமரத்தில் தூண்டில் முள்ளுக்குப் போடுவது. மற்றவர்கள் ஐந்து சுற்றுச் சுற்றி இழுத்துவிடுவார்கள். மாரி வீட்டு ஆண்கள் ஏழு சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு தடவை திருப்பி உள்ளே விட்டு இறுக்குவார்கள். கோவளத்தில் இதைச் சொல்லி அந்தக் குடும்பத்தையே கேலி பண்ணுவார்கள். எத்தனை பெரிய மீன் இழுத்தாலும் அந்த முடிச்சு அவிழாது.

நரம்பின் மறுநுனியைக் குழாயின் கழுத்தில் கட்டினாள். ஏழு வருஷம் என்று ஒருதரம் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். கண் இருட்டியது. இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது இழுப்பில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், பல் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தவில்லை. அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் குழாய் சொட்டுகிற சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

நரம்பை அவிழ்க்கப் பார்த்தாள். அதெங்கே அவிழும். பல்லின் கழுத்தில் அழுந்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் மிச்சமிருந்த நரம்பைக் கடைவாய்ப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பிவிட்டு, பல்லை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள். சின்ன வளையம்தானே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த முடிச்சை ஒரு ஆள் பார்த்தால் அடையாளம் தெரியும் என்கிற யோசனை அப்போது அவளுக்கு வரவில்லை.

டாக்டர் பையன்போல இருந்தார், தூக்கம் கெட்ட கண். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், புதுக் காயம், பல் விழுந்திருக்கிறது என்று எழுதினார். வழக்குச் சாமான்களுக்குப் போலீஸ் நூல் கட்டி அனுப்புவது வழக்கம்தானே என்று அந்த வளையத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஏட்டும் கேட்கவில்லை. பல்லை ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு, காகிதம் சுற்றி, அரக்கு வைத்து மூடினார். அன்று சாயந்திரமே கோதண்டத்தைப் பிடித்து உள்ளே போட்டார்கள். இரண்டு நாளில் ஜாமீனில் வந்துவிட்டான்.

வந்தவன் தூணடி இடத்துக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம் ஒதுங்கிக்கொண்டான். கேஸ் மட்டும் நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. வாய்தா மேல் வாய்தா. ஒரு நாள் டாக்டர் வரவில்லை, ஒரு நாள் வக்கீல்கள் வேலைநிறுத்தம், ஒரு நாள் மாஜிஸ்ட்ரேட் மாற்றல். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முத்தாலம்மாள் வியாபாரத்தை விட்டுவிட்டுக் குளித்து, பூ வைக்காத தலையை வாரி, கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் போய் நின்றாள்.

நடுவில் ஜமால் பாய் தூது வந்தார். அவளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம், இஞ்சி, கொத்தமல்லி விற்கிறவர். அன்று நடந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி அவர்தான்.

"முத்தாலு, கோர்ட்டு சம்மதிச்சா ராஜியா போலாமாம். அவன் எடத்தைக் கேக்க மாட்டேங்கறான். பல்லு கட்டித் தரேங்கறான். எத்தினி நாளைக்கு இந்தப் பேஜாரு?"

"பாய், அவன் பேசினதை நீங்க கேட்டீங்களா இல்லியா?"

"கேட்டேன்."

"அப்ப கம்முனு இருங்க."

பாய் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டாயிரத்து நான்கு ஜூன் மாசம், ஒருவழியாக அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடி, கஞ்சி போட்ட காட்டன் புடவை. அவசரமே இல்லாமல் எழுதுவார். அரசாங்க வக்கீல் கேட்டார், முத்தாலம்மாள் சொன்னாள். அடித்தான், ரத்தம் வந்தது, பல் விழுந்தது. மூன்று வருஷம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த சாட்சியம், தண்ணீர்போல வந்தது. கோர்ட் சிப்பந்தி அரக்கை உடைத்து, தீப்பெட்டியைத் திறந்து, ஒரு வெள்ளைக் காகிதத்தில் பல்லை உருட்டிவிட்டு அவள் முன்னால் நீட்டினார்.

"இதுதானே உங்க பல்லு?"

"இதான்."

காகிதம் அவளிடமிருந்து மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போகிற வழியில் குற்றவாளிக் கூண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கோதண்டம் தலையைக் குனிந்து பார்த்தான். தன்னை மூன்று வருஷமாக அலையவிட்ட சாமான் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க யாருக்குத்தான் தோன்றாது. பார்த்தவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். அவன் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் சுற்றுகளை எண்ணுகிறான் என்பது முத்தாலம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று. ஏழு வரைக்கும் எண்ணிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

தொலைந்தது என்று நினைத்தாள். இவ்வளவு நாள் சோறு தண்ணீர் பார்க்காமல் கட்டிக்காத்ததெல்லாம் ஒரு முழம் நரம்பில் போகப்போகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து வெற்றிலை போடுவீர்களா, புகையிலை போடுவீர்களா, பல் ஏற்கெனவே சொத்தையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வாய்க்கு வந்த பதிலைச் சொன்னாள், கண் கோதண்டத்தைவிட்டு நகரவில்லை. அவன் கையைக் காட்டி வக்கீலைப் பக்கத்தில் கூப்பிட்டான். சொல்லிவிடப் போகிறான், இதோ.

"போதும் வக்கீலய்யா," என்றான் கோதண்டம். பிறகு மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்துக் கையைக் கூப்பினான். "அம்மா, நான் அடிச்சது நெசம். பல்லு வுழுந்ததும் நெசம். இன்னா குடுக்கணுமோ குடுங்க."

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்."

"தெரியும்மா. போறேன்."

இதற்குத்தானே முத்தாலம்மாள் மூன்று வருஷம் காத்திருந்தாள். அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் கோதண்டம் மறுபடி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது. அதில் பயமில்லை, கோபமில்லை. பாவம், என்கிற பார்வை. தனக்குத் தானே பல்லைப் பிடுங்கிக்கொண்ட கிறுக்கிக்கு, போனால் போகிறதென்று கோதண்டம் ஜெயிலுக்குப் போகிறான். அவனாக மனசு வைத்து, அவனாகக் கொடுத்து. அவள் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

"அம்மா, அவன் பொய் சொல்றான்."

மாஜிஸ்ட்ரேட் அவள் பக்கம் திரும்பினார். "யாரு?"

"அவன்தான். பல்லு வுழல. ஆடிச்சு, அவ்ளோதான். ஆஸ்பத்திரி கொழாயில கட்டி நான்தான் இஸ்த்துப் புடுங்கினேன். அதுல கீதே நரம்பு, அந்த முடிச்சு நான் போட்டது. அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கினே சொல்லாம நிக்கறான்."

பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அரசாங்க வக்கீல் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மாஜிஸ்ட்ரேட் காகிதத்தை இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வளையத்தைப் பார்த்தார்.

"எதுக்கும்மா இப்படிப் பண்ணினீங்க?"

"அவன் பேசின வார்த்தைக்குப் பிரிவு இல்லன்னாங்க. பல்லுக்குத்தான் கீதுன்னாங்க. பல்லைக் குடுத்தேன்."

"சரி, அவரே ஒத்துக்கிட்டாரே. இப்ப ஏன் சொல்றீங்க?"

"அவன் பிச்சை போட்றாம்மா. அவங்கையில பிச்சை வாங்கவா நான் பல்லைப் புடுங்கினேன்?"

மாஜிஸ்ட்ரேட் காகிதத்தைத் தள்ளி வைத்தார். அப்புறம் கேட்டார். "என்ன வார்த்தை அது?"

முத்தாலம்மாள் வாயைத் திறந்தாள். வரவில்லை. மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட. சொன்னால் அது தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். "என்னால முடியாது. அவனைக் கேளுங்க," என்றாள். கோதண்டம் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயிலுக்குப் போகிறேன் என்று கணீரென்று சொன்னவன் வாயிலிருந்து இப்போது காற்றுகூட வரவில்லை. அது இந்த வழக்கில் இல்லை, என்று மாஜிஸ்ட்ரேட்டே கடைசியில் விட்டுவிட்டார்.

அப்புறம் காரியம் சீக்கிரம் முடிந்தது. கொடுங்காயம் போய்ச் சாதாரண காயம் ஆயிற்று. கோதண்டம் அதை ஒப்புக்கொண்டான். அபராதம் போட்டு, கோர்ட் கலைகிற வரைக்கும் கோர்ட்டிலேயே இருக்க வேண்டும் என்று தண்டனை. முத்தாலம்மாளுக்கும் கிடைத்தது. சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொன்னதற்கு உன்னையே உள்ளே தள்ளலாம், பாதியில் உண்மையைச் சொன்னதால் விடுகிறேன் என்று திட்டித் தீர்த்துவிட்டு, நீயும் கோர்ட் கலைகிற வரைக்கும் அங்கேயே உட்கார் என்றார் மாஜிஸ்ட்ரேட்.

கடைசி பெஞ்சு ஒன்றுதான் காலி. ஒரு கோடியில் அவள், மறு கோடியில் அவன். மேலே காற்றாடி கடகடவென்று ஓடியது, காற்று மட்டும் வரவில்லை. சைக்கிள் திருடியவன் கேஸ் வந்தது, சாராயக் கேஸ் இரண்டு வந்தது. மூன்று மணிக்கு மேல் கோதண்டம் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணி. அது எங்கண்ணன் முடிச்சு."

அவள் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைப் பாத்ததும் அண்ணன் கைதான் கண்ணு முன்னால வந்துச்சு. அதான், போனாப் போவட்டும்னு."

"நீ யாரு எனக்குப் போனாப் போவட்டும் சொல்ல?"

இன்னொரு கேஸ் வந்து முடிந்தது. அப்புறம், "அன்னிக்கு அப்டி நான் சொல்லியிருக்கக் கூடாது," என்றான்.

"இங்க சொல்லாத."

"பின்ன எங்க?"

"யாரு காதுலல்லாம் போட்டியோ, அவங்க காதுல சொல்லு."

"மார்க்கெட்லயா?" அவன் முகம் சுண்டிப்போயிற்று. "ஜெயிலுக்கே போறேன்னேனே அண்ணி."

"ஜெயிலு சுளுவுடா," என்றாள் முத்தாலம்மாள்.

ஐந்தேகாலுக்கு மாஜிஸ்ட்ரேட் எழுந்தார். இரண்டு பேரும் எழுந்து வேறுவேறு வாசல் வழியாகப் போனார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கூடை இறங்கியது, மீன் பரப்பியாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. முத்தாலம்மாள் தலையை நிமிர்த்தி ஈயென்று இளித்தாள். கேஸ்தான் முடிந்ததே, இன்னும் என்ன என்று ஜமால் பாய் கேட்டார். "உங்க கடையை நீங்க பாருங்க பாய்," என்றாள். அதற்கு மறுநாளும் இளித்தாள். அப்படி எட்டு நாள் போயிற்று. கோதண்டம் அவளைப் பார்ப்பான், மார்க்கெட்டைச் சுற்றிப் பார்ப்பான், எழுந்திருக்கப் போகிறவன்போல முட்டியில் கை ஊன்றுவான், உட்கார்ந்துவிடுவான்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கால் வைக்க இடமில்லாத கூட்டம். பொழிச்சலூரிலிருந்து வாராவாரம் ஸ்கூட்டரில் வருகிற ஒரு புருஷன் பெண்டாட்டி, முத்தாலம்மாள் பலகை முன்னால் நின்று வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் எழுந்தான். எல்லம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவள் கையை எடுத்துவிட்டான். இடையில் இருந்தது பத்தே அடிதான், அதைக் கடந்து வர அவனுக்கு வெகு நேரம் ஆயிற்று. பலகைக்கு முன்னால் வந்து நின்றான். அவள் கத்தியால் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றான். குரல் தொண்டையைவிட்டு வெளியே வரவில்லை. "எங்கண்ணனை நீ தின்னல. நீதான் சம்பாரிச்சு வைத்தியம் பாத்த. அது படுத்திருந்த மூணு மாசமும், கூப்புடு தூரத்துல இருந்துகினு, நான்தான் ஒரு நாளும் வந்து எட்டிப் பாக்கல. அந்த ஆத்தாமையில உன்மேல தூக்கிப் போட்டேன்."

முத்தாலம்மாளின் கை ஒரு தடவை நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதென்று மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சீவ ஆரம்பித்தாள். வஞ்சிரம் வாங்க வந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, விலையைக் கேட்டார்கள். பக்கத்தில் ஜமால் பாய் மட்டும் இஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார்.

"சத்தமா சொல்லு," என்றாள் முத்தாலம்மாள், தலையைத் தூக்காமல். "அன்னிக்கு இம்மாம் மெதுவாவா சொன்ன?"